மாதையன் மச்சானின் புழுமனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஓசூரில் நான் வேலை பார்த்த வார்ப்பட ஆலையில், மணல் மேட்டுக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி நிற்கிறாள் என்று ராத்திரி ஷிப்டில் புரளி கிளம்பியபோது, டார்ச் எடுத்துக்கொண்டு போய், அது கிழிந்த சாக்குப் பை என்று இழுத்து வந்து எல்லார் முன்னாலும் போட்டவன் நான்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு என்னையே 'சாக்கு' என்று கூப்பிட்டார்கள், அது வேறு விஷயம். ஆகவே இதைச் சொல்லும்போது நீங்கள் உதட்டுக்குள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். பேய்க் கதை என்றால் அமாவாசை, நாய் ஊளை, நடுச்சாமம் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், உச்சி வெயிலில், பக்கத்துத் தெருவில் மாவு மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது. அதனால்தான் கனவு கண்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

மாதையன் என்பவர் என் மனைவி செல்வியின் அண்ணன், எனக்கு மச்சான். தளி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் ஊர். பெயர் வேண்டாம், அந்த ஜனங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எண்பதுகளில் நான் சேலம் பக்கத்திலிருந்து ஐடிஐ சர்டிபிகேட்டும் ஒரு தகரப் பெட்டியுமாக ஓசூர் வந்து இறங்கி, வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது, டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். என்னை யார் என்றே தெரியாது. டீ வாங்கிக்கொடுத்து, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, தான் வேலை செய்த ஆலையிலேயே சூப்பர்வைசரைப் பிடித்து என்னைச் சேர்த்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துத் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். வேலையையும் கொடுத்துப் பெண்ணையும் கொடுத்த மனிதரைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள். பகலில் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேகிற வேலை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட தனிக் கட்டடம் ஒன்று, அதைப் புழுமனை என்பார்கள். உள்ளே மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக, தட்டு முழுக்கப் புழு. அதற்கு வேளாவேளைக்கு மல்பெரி இலை போட வேண்டும். கைக்குழந்தையைக்கூட ஒரு வேளை அழ விடலாம், இதை விட முடியாது. மனைவி ரத்னக்கா, மூன்று பெண்கள், அத்தனை பேரையும் அந்த மனிதர் தன் முதுகில்தான் தூக்கிக்கொண்டிருந்தார். கூட ஊரையும் தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் அவரிடம் இருந்து நான் பார்த்ததே இல்லை, எப்போதும் யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். டிபன் கேரியரின் மேல் தட்டு ஆலையில் புதிதாகச் சேர்ந்த எவனுக்காவது போய்விடும். ஊரில் யார் வீட்டில் புழு பழுத்தாலும் அங்கே முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

பழுப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. புழு நாலு தடவை தோல் உரிக்கும். அந்தச் சமயத்தில் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்கும், அங்கத்திய ஜனங்கள் அதை ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரம் முடிந்து எழுந்ததும் ஒரு வாரம் பேய்த் தீனி தின்னும். அப்போது புழுமனைக்குள் போனால் ஓட்டின் மேல் மழை பெய்கிற சத்தம் கேட்கும். மழையில்லை, அத்தனை புழுவும் இலையைக் கடிக்கிற சத்தம். பிறகு ஒரு நாள் உடம்பு மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதுதான் பழுப்பது. அன்றைக்கே ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட வேண்டும், அதில்தான் கூடு கட்டும். விட்டுவிட்டால் கழிவோடு கழிவாகத் தட்டிலேயே கட்டி, கூடு ஒன்றுக்கும் உதவாமல் போகும். எல்லாப் புழுவும் ஏறக்குறைய ஒரே நாளில் பழுக்கும் என்பதால் ஊரே சேர்ந்து வந்து பொறுக்கும். இன்று உன் வீடு, நாளை என் வீடு.

நாலாவது ஜுரத்திலிருந்து புழு எழுந்த அன்று காலையில்தான் மச்சான் போனார். தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பெரிய பெண் போய்ப் பார்த்தபோது கூடை நிரம்பி இருந்தது, அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். செய்தி ஆலைக்கு வந்து, நான் போட்டிருந்த உடுப்போடு ஓடினேன். வழியெல்லாம் அது வேறு யாராகவோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இப்போது சங்கடத்தைக் கேளுங்கள். இழவு விழுந்த வீட்டுக்காரர்கள் காரியம் முடிகிற வரைக்கும் புழுமனைக்குள் கால் வைக்கக் கூடாது. தீட்டுப் பட்டால் புழு செத்துவிடும் என்பது அங்கே கல்லில் எழுதாத சட்டம். அதைவிடப் பெரிய சிக்கல், ஊர்க்காரர்களும் வர முடியாது. எல்லார் வீட்டிலும் புழு இருக்கிறது. இந்த வீட்டுத் தீட்டைக் காலில் ஒட்டிக்கொண்டு போனால் அவர்கள் வீட்டுப் புழுவும் போய்விடுமே. பக்கத்து வீட்டு ருத்ரப்பா, கன்னடக்காரர், மச்சானோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வேலியைத் தாண்டவில்லை. நான் அவரைத் திட்டவில்லை, எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது என்பது உண்மை.

மத்தூரிலிருந்து ரத்னக்காவின் அண்ணன் வந்திருந்தார். அடக்கம் முடிந்த சாயங்காலமே பேச்சை எடுத்துவிட்டார்.

"ஏம்மா ரத்னா, மூணும் பொட்டப் புள்ள. இதுங்கள வச்சிகிட்டு இந்தக் காட்டுல என்னா பண்ணப்போற? நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு மத்தூருக்கு வந்துடு."

ரத்னக்கா தலையைத் தூக்கவே இல்லை. "இந்த பேட்ச் எறங்கட்டும்ணா. நல்லபடியா கூடு கட்டுச்சின்னா நானும் புள்ளைங்களும் இங்கதான் இருப்போம். செத்துடுச்சின்னா நீ கூப்புடாமயே வந்துடறன்."

"யாரு பாக்கறது? உள்ள போவ ஆளு யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெண் எடுத்தவன், வேறு வீட்டுக்காரன், எனக்கு அந்தத் தீட்டு இல்லை. எங்கள் வீட்டில் புழுவும் இல்லை. ஆக அந்த ஊரிலேயே அந்தக் கதவுக்குள் போகத் தகுதியான ஒரே ஆள், புழு என்றால் எந்தப் பக்கம் தலை என்றுகூடத் தெரியாத நான். ஆலையில் லீவு சொல்லி அனுப்பினேன். இறந்தவருடைய அரைஞாண் கயிற்றை அறுத்தபோது அதோடு வந்த புழுமனைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். இருந்தது அந்த ஒரு சாவிதான்.

புழுமனை வாசலில் எறும்பு வராமலிருக்கச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருக்கும். ரத்னக்கா அந்தக் கோட்டுக்கு வெளியே, வெகு தள்ளி நின்றுகொண்டு எனக்குச் சொல்லுவாள். "தம்பி, ஈர எலயப் போட்டுடாதீங்க, பேதியாயிடும்." "ஓரத்துல இருக்கறத நடுவுல தள்ளுங்க." "பீடி குடிச்சிட்டு வந்தீங்களா? கையக் கழுவிட்டுப் போங்க, வாசனைக்கே சுருண்டுடும்." புருஷன் செத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, முகம் வீங்கியிருக்கிறது, குரல் மட்டும் உடையவில்லை. நான் உள்ளே தட்டுத் தட்டாக இழுத்து, எதை மிதித்தேனோ எதை நசுக்கினேனோ என்று வியர்த்துக்கொண்டிருப்பேன். இலை பறிப்பது இன்னும் மோசம். மச்சான் ஒரு பீடி நேரத்தில் பறிப்பதை நான் பறிக்க அரை நாள் ஆனது. புழுவோ நாளுக்கு நாள் இரண்டு மடங்கு தின்கிறது. பீடியை விட்டேன், தூக்கத்தை விட்டேன், அப்போதும் போதவில்லை. மேல் தட்டுக்குப் போடும்போது கீழ்த் தட்டு காலியாகிவிடும்.

பால் தெளித்த மறுநாள் அசதியில் காலையில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. வெயிலில் பறித்த இலை வாடும், வாடின இலையைப் புழு தொடாது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். தெற்கு ஓரத்தில் கிடைத்ததைப் பறித்து, கால்கூடை தேறியதும் திரும்பி ஓடிவந்தேன். பூட்டைத் திறந்தேன்.

மழைச் சத்தம் கேட்டது. நம்பினால் நம்புங்கள், அத்தனை தட்டிலும் இலை. வாடாத, கொழுந்து இல்லாத, முற்றாத, அளவான இலை, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குவரைக்கும் பச்சைப் பாய் விரித்த மாதிரி. ஓரத்துப் புழுவெல்லாம் நடுவில் தள்ளப்பட்டிருந்தது. கழிவுகூட வாரியிருந்தது.

ரத்னக்கா மனசு கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்தால், துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், காலையிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை என்று செல்வி சொன்னாள். பெண் பிள்ளைகள் மூன்றும் அம்மா பக்கத்திலேயே. சரி, ருத்ரப்பாதான் மனசு மாறி வந்திருப்பார் என்று வேலியோரம் போய்க் கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா இல்லப்பா. வரணும்னுதான் இருக்குது, என் பொண்டாட்டி வுடமாட்டேங்கறா, எங்க புழுவும் பெரிசாயிடுச்சி." அப்புறம்தான் எனக்குப் பூட்டு ஞாபகம் வந்தது. சாவி என் இடுப்பில் அல்லவா இருந்தது!

மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றோரத்து வரிசைகளை நான் தொடவே இல்லை, மறுநாளைக்கு என்று வைத்திருந்தேன். அவை மொட்டையாக நின்றன. மல்பெரி இலையைக் கிள்ளினால் காம்பில் பால் வடியும், வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே ஒவ்வொரு கணுவிலும் பால் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மாவு மில் ஓடுகிறது, ரோட்டில் தளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? சாக்குப் பையை இழுத்து வந்து போட்டவன், இப்போது புழுமனையில் யாரோ இருக்கிறார்கள் என்றால் யார் மதிப்பார்கள்? மறுநாளும் அப்படியே நடந்தது. நான் ஒரு வேளை போடுவேன், தோட்டத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த வேளை போட்டிருக்கும். கண்டுபிடித்தே தீருவது என்று, அதற்கடுத்த நாள் மத்தியானம் இலை போட்டுவிட்டு வெளியே போகாமல், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த கூடைமேல் மூலையில் உட்கார்ந்தேன்.

வலை ஜன்னலில் நனைத்துப் போட்ட கோணிச் சாக்கின் ஓட்டை வழியாக வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் செருகுகிற நேரத்தில் சத்தம் நின்றது.

ஆலையில் மெயின் சுவிட்சை இறக்கினால் எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் நிற்கும் இல்லையா, அப்படி நின்றது. நான் எழுந்து பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். புழு எல்லாம் கடிப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அடுத்த தட்டு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஜுரமெல்லாம் முடிந்துபோன புழு அது, இலை குவிந்து கிடக்கும்போது நிறுத்தாது. அப்புறம் கோடியில் இருந்த அடுக்கில் மூங்கில் கிறீச்சிட்டது. ஒரு தட்டு தானாக வெளியே வந்தது. முக்கால்வாசி வெளியே வந்து, தொங்காமல், யாரோ அடியில் கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி சமமாக நின்றது. பிறகு மெதுவாக, ஆடாமல் அசையாமல் உள்ளே போனது. அடுத்த தட்டு வந்தது.

"மச்சான்?" என்று என் வாய் கேட்டது. நான் கேட்கவில்லை, வாய் கேட்டது.

தட்டு பாதியில் நின்றது. அப்புறம் உள்ளே போனது. மழைச் சத்தம் பழையபடி தொடங்கியது. தாழைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தேன்.

செல்வியிடம் சொன்னேன். அவள் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை ரத்னக்கா பார்த்துவிட்டாள். என்ன ஏது என்று என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துவந்து கேட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. முகம் கறுத்துப்போயிற்று, கோபத்தில்.

"செத்தும் ஓயலியா இந்த மனுசன்?"

எனக்கு ஒரு பக்கம் உதறல், இன்னொரு பக்கம் பேட்ச் பிழைக்க வேண்டுமே என்கிற கவலை. புழு பழுக்க ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. நான் தனியாக எப்படிச் சமாளிப்பேன்? அந்தக் கவலையில், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், "அக்கா, பழுக்கற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமே" என்று சொல்லிவிட்டேன்.

"இது என்னா உங்க கம்பெனி ஓவர்டைமா தம்பி?" என்றாள். அப்படியே நடந்து புழுமனை வாசலுக்குப் போனாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"இங்க பாருங்க. ஒரு நாள், ஒரு பொழுது கால நீட்டி உக்காந்தீங்களா? கம்பெனில வெந்துட்டு வந்து இங்க வேவறது, இங்க முடிஞ்சா அடுத்த வூட்டுக்கு ஓடறது. நானும் போதும் போதும்னு சொல்லி வாய் வலிச்சிப்போனேன். உசுரோட இருந்தப்பதான் கேக்கல. இப்பயாச்சும் கேளுங்க. புழு பொழைச்சா பொழைக்குது, செத்தா சாவுது. நான் புள்ளைங்கள எப்புடியாச்சும் பாத்துக்குவன். நீங்க போங்க. போயி நிம்மதியா படுங்க."

உள்ளே மழைச் சத்தம் நின்றது. இந்தத் தடவை செல்வியும் கேட்டாள், வேலிக்கு அந்தப் பக்கம் ருத்ரப்பாவும் கேட்டார், நான் ஒருத்தன் சொல்வதை நம்ப வேண்டாம். ரத்னக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலில் போட்டிருந்த சுண்ணாம்புத் தூள் லேசாகப் புகைந்து எழுந்து அடங்கியது. காற்று அடிக்கவில்லை, பக்கத்தில் முருங்கை இலைகூட அசையவில்லை. உள்ளே புழுக்கள் மறுபடியும் தின்னத் தொடங்கின.

அதற்கப்புறம் யாரும் இலை போடவில்லை. நான் போட்டது மட்டும்தான். பாதித் தட்டு பட்டினி. எனக்கு அழுகை வந்தது, யாருமில்லாத இடமாகப் பார்த்து அழுதேன்.

மறுநாள் விடிந்து போய்க் கதவைத் திறந்தால் புழுமனையே மஞ்சளாக இருந்தது. பழுத்துவிட்டது. தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடுகிறது, நான்கைந்து தட்டில் மூலையிலேயே நூல் விட ஆரம்பித்துவிட்டது. நான் ஒருத்தன். ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் செய்கிற வேலை. சந்திரிகையை எடுத்துவைத்து பொறுக்கத் தொடங்கினேன், அழுத்திவிட்டால் புழு செத்துவிடும், மெதுவாக எடுத்தால் நேரம் போய்விடும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டு எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பினால் ரத்னக்கா. கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

மத்தூர் அண்ணன் வெளியில் நின்று கத்தினார். "ஏய், தீட்டோட போறியே, அறிவு இருக்குதா உனக்கு?"

"அவர அனுப்பிட்டேன். இனிமே நாந்தான்," என்றாள். இரண்டு கையாலும் பொறுக்க ஆரம்பித்தாள். அந்தக் கை வேகத்தை நான் என்னவென்று சொல்ல! ஆனாலும் இரண்டு பேரால் ஆகுமா?

அப்போது வேலிப் படல் திறக்கிற சத்தம். ருத்ரப்பா கால் கழுவிக்கொண்டு வந்தார், பின்னாலேயே அவர் சம்சாரம், முதல் நாள்வரைக்கும் விடமாட்டேன் என்றவள். ரத்னக்கா பதறிப்போய், "வராதீங்கண்ணா, உங்க புழு கெட்டுப்போயிடும்" என்றாள்.

"ஹோகலி பிடம்மா," என்றார், போனால் போகட்டும் என்று அர்த்தம். "நேத்து நீ பேசினதக் கேட்டப்புறமும் நான் வேலிக்கு அந்தாண்ட நின்னா, நான் மனுசனா?" உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர் வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லார் வீட்டிலும் கடைசி வாரத்துப் புழு, வேளை தவறாமல் இலை கேட்கிற புழு. அதை அப்படியே போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். யாரும் சோறு தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பொழுது சாயும்போது கடைசிச் சந்திரிகையும் நிரம்பிவிட்டது. ரத்னக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மச்சான் போன பிறகு முதல் தடவையாக, சத்தம் போட்டு ஓவென்று அழுதாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

கூடு நல்ல கூடு. பட்டுக்கூடு அங்காடியில் கையில் உருட்டிப் பார்த்த வியாபாரிகள் வாயைத் திறக்கவில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்தூர் அண்ணன் காரியம் முடிந்ததும் தனியாகத்தான் பஸ் ஏறினார். ரத்னக்கா அங்கேயே இருந்து, புழு வளர்த்து, மூன்று பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தாள். இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், ஏதோ நடந்தது, நல்லபடி முடிந்தது என்று விட்டிருப்பேன்.

புழு பொறுக்கி முடித்த அன்று சாயங்காலம் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் ருத்ரப்பா திரும்பி வந்தார். ரத்னக்காவின் கண்ணில் படாமல் என்னைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். அவருடைய புழுமனைக் கதவைத் திறந்து லாந்தரைத் தூக்கிக் காட்டினார்.

காலையிலிருந்து பட்டினி கிடந்து சுருண்டிருக்க வேண்டிய புழு. எல்லாத் தட்டிலும் புதிதாக இலை. மழைச் சத்தம். கழிவு வாரிச் சுத்தமாக இருந்தது. அவர் சம்சாரம் கதவோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எதிர் வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார், கேட்கவே இல்லை. அன்றைக்கு யார் யார் ரத்னக்கா வீட்டுக்கு வந்து பொறுக்கினார்களோ, அத்தனை வீட்டிலும் இலை போட்டிருந்தது. ரத்னக்கா போகச் சொன்னாள், அவர் போயிருக்கிறார். வேலை இருந்த இடத்துக்குப் போயிருக்கிறார்.

இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று அந்தத் தெருவே முடிவு பண்ணியது. இன்றைக்குவரைக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மட்டும் நிம்மதியில்லை. அவரைப் போதும் என்று சொல்லி உட்கார வைக்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள் என்றால் அவள்தான். அவளுக்குச் சொன்னால் நெஞ்சு வெடித்துப்போகும். சொல்லாவிட்டால், அந்த மனிதர் இப்போது யார் வீட்டில் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறாரோ என்று சில ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

போன வருஷம் பெரிய பெண்ணின் வீட்டுக்கு ரத்னக்காவைப் பார்க்கப் போயிருந்தோம். காது மந்தமாகிவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். பேச்சு எப்படியோ அங்கே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஆயுசுக்கும் எம் பேச்சக் கேக்காத மனுசன் தம்பி. அன்னிக்கி ஒரு நாளு கேட்டாரு பாத்தீங்களா? போயி படுங்கன்னேன், போயி படுத்துட்டாரு."

"ஆமாக்கா," என்றேன்.